வார்டில் எங்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களே,

ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் கைபேசியில் பார்த்து முடிவெடுக்க உதவும் கையேடு தமிழில் தயாராகிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில் பெற்றோருக்கு. பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும் இந்த நோய்க்கு முதலில் கீமோ, அப்புறம் அறுவை சிகிச்சை. உலோக மூட்டு வைத்துக் காலைக் காப்பதா, காலை எடுப்பதா, கணுக்காலைத் திருப்பி வைத்து முழங்காலாக்கும் ரொட்டேஷன்பிளாஸ்டியா? கீமோ நடக்கும் சில வாரங்களுக்குள் இந்தக் கேள்வி வீட்டையே பிடித்து ஆட்டிவிடும். கட்டியை முழுதாக அகற்ற முடிகிறபோது, காலைக் காப்பதால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை. அதை முதல் திரையிலேயே போடச் சொன்னவர்கள் நீங்கள்தான். “சம்மணம் போட்டுச் சாப்பிடுவானா? பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் குத்த வைப்பானா? சைக்கிள் மிதிப்பானா?” கையேட்டில் பாதி உங்கள் கேள்விகள்தான்.

“உங்க பிள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” என்பதற்கு ஒற்றை வரிப் பதில் தராமல், ஒவ்வொரு வழியின் நல்லது கெட்டதையும் ஒரே அளவில் எழுத வைத்த அறுவை மருத்துவருக்கு நன்றி. உலோக மூட்டில் கிருமி தொற்றலாம், பிள்ளை வளர வளர மறுபடி அறுவை தேவைப்படலாம் என்பதை அவர் மழுப்பவே விடவில்லை.

நூறு பொம்மைகள் வரைந்து, இத்தனை பேருக்கு இப்படி ஆகும் என்று காட்டும் படத்தை ஒரு அம்மாவிடம் கொடுத்தோம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, “இதுல எம்புள்ள எது?” என்று கேட்டார். பக்கத்திலேயே இருந்த சிஸ்டர், அதை எப்படிப் பேசிப் புரியவைப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அந்த விளக்கம் இப்போது அவர் குரலிலேயே ஒலிக்கிறது.

ரொட்டேஷன்பிளாஸ்டி செய்துகொண்ட அந்தக் கல்லூரி மாணவிக்கு எப்படி நன்றி சொல்வது? குதிகால் முன்னால் பார்த்திருக்கும் தன் பாதத்தைச் செயற்கைக் காலுக்குள் நுழைத்து, பட்டையை இறுக்கி, மாடிப்படி ஏறுவதுவரை படமெடுக்கச் சம்மதித்தாள். முகத்தை மறைக்கவா என்றதற்கு, “வேணாம், சிரிக்கிறது தெரியட்டும்” என்றாள்.

கடைசியாக, “கால் என்னுது, எங்கிட்டயும் கேளுங்க” என்ற பையனுக்கு. தம்பி, பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறோம். அதில் முதல் கேள்வி நீ எழுதிக் கொடுத்ததுதான்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவின் சார்பில்