கையெழுத்து வாங்கிய காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருவிலேயே மரபணுவைத் திருத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரபணுவைக் குறிபார்த்து வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் 2018-இல் சீனாவின் ஷென்சென் நகரில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருக்களின் மரபணுவைத் திருத்தி, இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததை 'விஞ்ஞானியின் அவசரம்' என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது.

நான் 19 வருடங்கள் ஒரு கருத்தரிப்பு மையத்தில் நர்ஸாக இருந்தவள். ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. பத்துப் பன்னிரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கல்யாணமாகிப் பதினோரு வருடமான ஒரு பெண்ணிடம், "படிச்சுப் பாரும்மா" என்றேன். "குழந்தை கிடைக்கும்னா எதுல வேணாலும் போடறேன், எங்க போடணும் சிஸ்டர்?" என்றாள். நானும் இடத்தை விரலால் காட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அதனால்தான் ஹே வாங்கிய கையெழுத்துகள் என்னைத் தூங்கவிடுவதில்லை. அவரிடம் வந்த தம்பதியரில் கணவருக்கு எச்.ஐ.வி.; மனைவிக்கு இல்லை. அவர்களிடம் கொடுத்த படிவத்தின் தலைப்பு 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்'. தடுப்பூசி என்றால் யாருக்குப் பயம் வரும்? கருவை வைத்த பிறகு விலகினால் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும், பத்து நாளில் தராவிட்டால் மேலும் ஒரு லட்சம் யுவான் அபராதம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. குறி தவறி வேறு மரபணு வெட்டுப்பட்டால் ஹேயின் குழு பொறுப்பில்லையாம்.

இத்தனைக்கும் அந்தத் திருத்தம் தேவையே இல்லை. விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுத்தாலே தகப்பனின் தொற்று கருவுக்குப் போகாது. அதை அவர்களும் செய்தார்கள். அப்புறம் எதற்கு, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையும் வாசலை உருவாக்கும் சிசிஆர்5 மரபணுவில் கை வைத்தார்கள்? எச்.ஐ.வி. நுழைய முடியாத சிலருக்கு இயற்கையிலேயே அந்த மரபணுவில் 32 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) இருக்காது. பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு ஏற்பட்டதோ அந்த மாற்றமே இல்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் மாறியிருந்தது.

2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருடச் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். சரி, அந்தப் பிள்ளைகளுக்கு?

நான் மரபணுத் திருத்தத்துக்கே எதிரி அல்ல. அரிவாள் செல் சோகை, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கு 2023-இல் பிரிட்டனில் அனுமதி பெற்ற கிரிஸ்பர் சிகிச்சை நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தை உருவாக்கும் செல்களைத்தான் மாற்றுகிறது. அந்த மாற்றம் அவரோடு முடிந்துவிடும். கருவில் செய்தால் பேரப்பிள்ளை வரை போகும்.

நம் நாட்டில் கருவில் திருத்திக் குழந்தை பிறக்க வைப்பதைத் தடுப்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறை. அது சட்டம் அல்ல.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்தப் படிவத்தில் இருந்ததைத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.