எறும்பு கடி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் எழுந்து நடக்கிறானாமே, கண்ணேறு படாமல் பார்த்துக்கொள்.

டாக்டர் அக்கிக்குத் தடுப்பூசி போடச் சொல்லி மூன்று மாதம் ஆகியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாய். "இந்த வயசில் ஊசிக்குப் பயம்னா சிரிப்பாங்க" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காலரா ஊசி வரிசையில் நீ மயங்கிச் சரிந்தபோது பிடித்தவள் நான்தானே.

முப்பது வருஷம் ஊசி போட்டேன். எல்லோரிடமும் "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பேன். ஊசியை ஏற்றியதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்றும் பார்ப்பேன், படித்தது அப்படி. இரண்டுமே வேண்டாம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மேல்கையில் ஊசி போடும் இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இல்லை. இழுத்துப் பார்க்கும் நேரமெல்லாம் ஊசி சதைக்குள் நின்று வலிக்கும். "வலிக்காது" என்று சொல்லிவிட்டு வலித்தால் அடுத்த முறை நம்பிக்கையே போய்விடும். எத்தனை பேரை வீணாக நோகடித்தேனோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

போகும்போது கை தளர்ந்த ரவிக்கை போட்டுக்கொள். இறுக்கமான கையைப் பாதி சுருட்டிவிட்டு நிற்கிறவர்களுக்கு ஊசி தோள்மூட்டுப் பக்கம் மேலேறிவிடும்; அந்த வலி வாரக்கணக்கில் இருக்கும். தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே சதைப்பற்றான இடத்தில்தான் போடவேண்டும். கையை மடியில் தளர்வாக வை, விறைக்காதே. ஊசி இறங்கும் நேரம் லேசாக இருமு. சின்ன விஷயம்தான், ஆனால் பெரியவர்களுக்குப் பலன் தருகிறது.

உனக்கு மயக்கம் வருமே, அதை முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடு. படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். கால், வயிற்றுச் சதைகளைப் பத்து விநாடி இறுக்கி இறுக்கி விடு, தலை சுற்றுவது குறையும். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். முடிந்ததும் கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்பு. தோலை மரக்கவைக்கும் களிம்பும் உண்டு, ஒரு மணி நேரம் முன்னால் தடவவேண்டும். டாக்டரிடம் கேள்.

இந்த ஊசிக்கு இரண்டு மூன்று நாள் கை கனக்கும், உடம்பு வலிக்கும், காய்ச்சலும் காயலாம். ஈரத்துணி வை, தேய்க்காதே. இரண்டாவது தவணை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்.

என்றைக்குப் போகிறாய் என்று எழுது. முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

உன்,
சரோஜா