எச்.எஸ்.சி. கணிதத்துக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் பள்ளி திறக்கும் சமயத்தில், மேல்வகுப்புக் கணிதத்துக்கு, திரையில் வரைபடம் காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் வாங்க வேண்டுமா என்று பெற்றோர் பலர் என்னைப் போன்ற கணித ஆசிரியர்களிடம் கேட்கிறார்கள். பிரான்சிலோ ரெயூனியனிலோ இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ, தம் பிள்ளைகள் வைத்திருப்பது போலவே ஒன்றை வாங்கி அனுப்பிவிடுவதும் உண்டு. அதை, மொரிஷியஸில் பள்ளி இறுதியில் எழுதும் எச்.எஸ்.சி. தேர்வின் கூடத்தில் பயன்படுத்த முடியாது என்பது நம் வீடுகள் பலவற்றில் தெரியாததால்தான் இதை எழுதுகிறேன்.

மொரிஷியஸில் பெரும்பாலான பிள்ளைகள் எச்.எஸ்.சி.க்குக் கேம்பிரிட்ஜின் ஏ லெவல் வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். அதில் கணிதத்துக்கான, 9709 என்ற எண்ணுள்ள பாடத்திட்டம், வரைபடம் காட்டும் கால்குலேட்டரையும், இயற்கணிதக் கோவைகளைக் குறியீடாகவே சுருக்கித் தரும் கால்குலேட்டரையும் அனுமதிப்பதில்லை. சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும் என்கிறது. மேலும், வழிமுறை காட்டாமல் கால்குலேட்டரிலிருந்து எடுத்தெழுதும் விடைக்கு மதிப்பெண் இல்லை என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவியில் இரண்டு வருடம் பழகிவிட்டு, தேர்வு நாளன்று வேறொன்றைக் கையிலெடுக்கும் மாணவர், சைன், கொசைன் கணக்குகளில் டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றும் விசையைத் தேடுவதிலேயே தடுமாறிப்போவார்.

சயின்டிஃபிக் கால்குலேட்டர் குறைந்த பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். காசியோ 991 வகையில் அட்டவணை வசதி இருக்கிறது. x³ − 3x + 1 என்ற சார்பை அதில் கொடுத்து, −2 முதல் 2 வரை ஒவ்வொன்றாகக் கேட்டால், −1, 3, 1, −1, 3 என்று மதிப்புகள் வரிசையாக வரும். குறி மாறும் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு மூலம், அதாவது சார்பின் மதிப்பு பூஜ்யமாகும் x, இருப்பதை மாணவர் தாமே கண்டு, வளைகோட்டைக் கையால் வரைந்துவிடலாம். அடுத்து, 0-வுக்கும் 1-க்கும் இடையிலுள்ள மூலத்துக்கு x³ − 3x + 1 = 0 என்பதை x = (x³ + 1) ÷ 3 என்று மாற்றிக்கொண்டு, 0.3 என்று தொடங்கி, முந்தைய விடையைக் குறிக்கும் Ans விசையால் (Ans³ + 1) ÷ 3 என்று எழுதிச் சமக்குறி விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், 0.3423, 0.3467, 0.3472 என்று நகர்ந்து 0.3473-இல் நின்றுவிடும். கேம்பிரிட்ஜ் தேர்வில் கேட்கும் தோராய மூலக் கணக்கு இதே வகைதான். இதில் மாணவர் ஒவ்வொரு படியையும் பார்த்து எழுதுகிறார், மதிப்பெண்ணும் அந்தப் படிகளுக்குத்தான்.

வேறு தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. ஐ.பி. டிப்ளோமா (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) கணிதத்தில் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். ஆனால் பகுப்பாய்வுப் பாடத்தின் முதல் தாளில் எந்தக் கால்குலேட்டரும் கூடாது. க்யூர்பிப்பில் உள்ள லா பூர்தொனே போன்ற பிரெஞ்சு லிசேக்களில், அதாவது பிரெஞ்சுப் பாடத்திட்ட மேல்நிலைப் பள்ளிகளில், காசியோ கிராஃப், டிஐ-83 பிரீமியம், நம்வொர்க்ஸ் ஆகிய கிராஃபிங் கால்குலேட்டர்கள் வழக்கம். பைத்தான் நிரல் எழுதவும், நினைவகத்தைப் பூட்டி விளக்கு மினுக்கும் தேர்வு முறைக்கு மாற்றவும் வசதி உண்டா என்று அங்கே பார்த்து வாங்க வேண்டும். அங்கும் 2026 முதல் பிரெமியேர் வகுப்பின் (இறுதி ஆண்டுக்கு முந்தைய வகுப்பு) கணிதத் தேர்வைக் கால்குலேட்டர் இல்லாமலேயே எழுதுகிறார்கள்.

வரைபடத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது மிகவும் தேவையான ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குக் கைபேசியில் இலவசமாகவே கிடைக்கும் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் என்ற செயலிகள் இரண்டும் கிராஃபிங் கால்குலேட்டரின் சிறு திரையைவிடத் தெளிவாக வரைந்து காட்டுகின்றன. a-யின் மதிப்பை விரலால் நகர்த்தும்போது ax² வளைகோடு குறுகுவதையும் விரிவதையும் பார்க்கும் பிள்ளை, அதை எளிதில் மறக்க மாட்டாது.

பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. புத்தகப் பட்டியலில் "கால்குலேட்டர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், எந்தத் தேர்வுக்கு எந்த வகை, எது தேர்வுக்கூடத்தில் கூடாது என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடுங்கள்; பெற்றோர் கடைக்குப் போகும் முன், டிசம்பரிலேயே அந்தப் பட்டியல் வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்