தொப்பி அணிந்த அந்த முதியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் நடனக் கட்டுரையில் ஒரு படத்துக்குக் கீழே 'ஜப்பானிய நடன மங்கை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பூச்செருகிய தொப்பி, முகத்தில் அப்பிய வெள்ளைப் பூச்சு, பழைய கவுன், ஏமாறத்தான் செய்யும். ஆனால் அவர் கசுவோ ஓனோ. எழுபதைத் தாண்டிய ஆண். பிழைப்புக்கு யோகோஹாமாவில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். நானும் 31 ஆண்டுகள் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவன். எங்கள் ஆளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஓனோ ஆடியது பூத்தோ, போருக்குப் பின் ஜப்பானில் உருவான நவீன நடனம். அது அணுகுண்டின் சாம்பலில் பிறந்தது என்கிறது கட்டுரை. எல்லாரும் எழுதும் வாக்கியம்தான், ஓனோவுக்குப் பொருந்தாது. 1929இல், 22 வயது மாணவராக, டோக்கியோ இம்பீரியல் தியேட்டரின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து 'லா அர்ஹென்டீனா' என்று புகழ்பெற்ற ஸ்பானிய நடனக் கலைஞர் அந்தோனியா மெர்சேயைப் பார்த்தார். அவருடைய விதை அங்கே விழுந்தது. பிறகு வேலை, நடனப் பயிற்சி, 1938இல் ராணுவ அழைப்பு, சீனா, நியூகினி. ஊர் திரும்பும் கப்பலில் இறந்தவர்களைக் கடலில் இறக்கியதைக் கண்டவர், அந்த நினைவில் பின்னாளில் ஜெல்லி மீனாக ஆடினார். முதல் தனி அரங்கேற்றம் 1949இல், 43 வயதில். அதைப் பார்த்துக் கிறங்கிப்போனவர்களில் ஒருவர் 21 வயது ஹிஜிகாத்தா தத்சுமி. பத்தாண்டு கழித்து அவர் பூத்தோவைத் தொடங்கியபோது கூட ஆடியது ஓனோவின் மகன் யோஷித்தோ.

ஓனோ மற்றவர்களைப் பாதித்தார் என்று மட்டும் எழுதினால் பாதிக்கதை. 1976இல் ஓவியர் நக்கானிஷி நத்சுயுக்கி துத்தநாகத் தகட்டில் தீட்டிய வளைகோடுகளைக் கண்காட்சியில் பார்த்தார். அதில் ஆள் உருவமே இல்லை. இவருக்கோ 47 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அர்ஹென்டீனா எதிரில் நின்றார். மறு ஆண்டே அவருக்கு அஞ்சலியாக ஒரு நடனம் உருவானது. இயக்கியவர் அந்தப் பழைய ரசிகர் ஹிஜிகாத்தா!

பேரன் தேடித் தந்த வீடியோவில் அதைப் பார்த்தேன். தொடக்கத்தில் ஓனோ மேடையில் இல்லை. பார்வையாளர்களுக்கு நடுவே, வயதான விலைமாதின் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். மெல்ல எழுந்து மேடைக்கு வந்து அங்கேயே செத்துவிழுகிறார். அடுத்து சிறுமியாகப் பிறக்கிறார். விரல்கள் எதையோ எட்டிப் பிடிக்கப்போய், நாணிப் பின்வாங்கி, மறுபடி நீள்கின்றன. எங்கள் 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணிக்கைக்குள் அந்தக் கை அடங்காது.

அவர் கற்பித்ததும் அப்படித்தான். ஹிஜிகாத்தா சொல்லுக்குச் சொல் அசைவைச் செதுக்குபவர். ஓனோவோ வீட்டருகே இருந்த ஸ்டூடியோவில் மாணவர்களிடம் அம்மாவைப் பற்றியும் இறந்தவர்களைப் பற்றியும் பேசிவிட்டு, 'ஆடுங்கள்' என்று விட்டுவிடுவார். அங்கே படித்த நடன ஜோடி எய்கோவும் கோமாவும் அமெரிக்காவில் அவர் சாயலே இல்லாத, நத்தை வேக நடனத்தை வளர்த்தார்கள். மாறாக கவாகுச்சி தக்காவோ என்ற நடனக் கலைஞர், ஓனோவின் பழைய வீடியோக்களைப் பார்த்து ஒவ்வோர் அசைவையும் அச்சாகத் திருப்பி ஆடுகிறார். மனம்போல் ஆடியவரை நகலெடுப்பதா என்று முதலில் எரிச்சல் வந்தது. யோசித்தால், ஓனோவும் அர்ஹென்டீனாவிடம் வேறென்ன செய்தார்? 2009இல் பாடகி அனோனி தம் இசைத்தட்டின் அட்டையில் போட்டதும் ஓனோவின் முகத்தைத்தான்.

கால் ஓய்ந்ததும் சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளால் ஆடினார். 2010 ஜூன் 1 அன்று, 103 வயதில் மறைந்தார். அவருக்குப் பின் யோஷித்தோ, அப்பாவின் உருவத்தில் செய்த பொம்மையை விரலில் மாட்டிக்கொண்டு மேடையில் ஆடினார்.

திருத்தம் வெளியிடும்போது 'மங்கை'யை எடுத்துவிட்டு, அர்ஹென்டீனா அஞ்சலியை அவர் முதலில் ஆடியபோது இருந்த வயதையும் சேர்த்துவிடுங்கள்: 71.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி