மிசோரம் தேவாலயங்களுக்கு எதை அனுப்புவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியான்மர் போருக்குத் தப்பி வந்த, மிசோ மக்களின் உறவினமான சின் மக்களை மிசோரம் தேவாலயங்கள் அரவணைத்ததைப் பற்றிய கட்டுரை மனதைத் தொட்டது. அதைப் படித்துவிட்டுப் பழைய துணிகளை மூட்டை கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறோம். அகதிகள் நிவாரணப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் வேண்டுகோள்: துணி வேண்டாம். பணம் அனுப்புங்கள். அதையும் ஒரே தடவையாகக் கொடுக்காமல் மாதாமாதம் சிறுகச் சிறுக அனுப்புங்கள்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, எல்லையான தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரமின் சம்பாய் மாவட்டத்துக்குள் மக்கள் வரத் தொடங்கினார்கள். மார்ச் 10 அன்று மத்திய உள்துறை, அவர்களை உள்ளே விடக் கூடாது, யாருக்கும் அகதி என்ற தகுதியைக் கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கடிதம் எழுதியது. அன்றைய முதல்வர் சோரம்தாங்கா, அவர்கள் எங்கள் ரத்த உறவுகள், திருப்பி அனுப்ப முடியாது என்ற நிலையை எடுத்தார். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றால் டெல்லிக்குப் போக வேண்டும். ஆகவே 30,000-க்கும் அதிகமானோரின் சாப்பாட்டுச் சுமையில் பெரும்பங்கு தேவாலயங்கள், மிசோ இளைஞர் சங்கம், ஊர்மக்கள் தோளில் விழுந்தது. சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தேவாலயத்துக்கு எடுத்து வைக்கும் 'புஃபாய் தாம்' என்ற வழக்கம் அங்கே 1910 முதல் இருக்கிறது. நம் பிடியரிசிதான் அது. வீடு வீடாக அரிசி திரட்டுவது அந்த மக்களுக்குப் புதிதல்ல.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்பது நிவாரணத்தில் வழக்கமான அளவு. 100 பேருக்கு மாதம் 1,200 கிலோ அரிசி, அதாவது 50 கிலோ மூட்டை 24. கூடவே 180 கிலோ பருப்பு, 75 கிலோ எண்ணெய். ஒரு சிற்றூர் இதை இரண்டு மாதம் தாங்கும், மூன்று மாதம் தாங்கும். சண்டை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மாநில அரசு கொடுத்த தற்காலிக அடையாள அட்டை ஆளை அடையாளம் காட்ட மட்டுமே உதவும். அதைக் காட்டி ரேஷன் அரிசி வாங்க முடியாது.

பொதுச் சமையலை இரண்டு மூன்று வாரங்களோடு நிறுத்திவிட்டு, குடும்பத்துக்குக் குடும்பம் உலர்பொருளாகக் கொடுப்பதே நல்லது. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் வேண்டியபடி குழைய வடிக்கவோ, பத்தியச் சாப்பாடு செய்யவோ அப்போதுதான் வழி பிறக்கும். வரிசையில் தட்டேந்தி நிற்கும் கூச்சமும் நீங்கும். விறகுச் செலவு கூடும் என்பது உண்மைதான். இரண்டு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு என்று வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

அடுத்தது தேவாலயக் கூடம். அது ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் உட்காருவதற்காகக் கட்டியது. படுத்து வாழ ஒருவருக்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டும் என்கிறது, நிவாரண அமைப்புகள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்ஃபியர் அளவுகோல். அப்படியானால் 200 சதுர மீட்டர் கூடத்தில் 57 பேர்தான் தங்கலாம். முதல் இரவு 150 பேர் படுப்பார்கள், அதில் தவறில்லை. அதே நிலை ஒரு மாதம் நீடித்தால் இருமலும் சொறிசிரங்கும் தட்டம்மையும் கிளம்பும். ஆறு மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வந்த முதல் நாட்களிலேயே தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் கைவிரிப்பது கழிப்பறை. வாரம் ஒருநாள் பயன்பாட்டுக்கு ஏற்ற செப்டிக் தொட்டி, 100 பேர் தினமும் புழங்கினால் சில வாரங்களில் பொங்கி வழியும். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் குழிக் கழிப்பறைகள் வெட்ட வேண்டும். நீர் ஊற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், சரிவில் ஊற்றுக்கு மேற்புறம் வரவே கூடாது. அங்கே ஊர்கள் மலை முகட்டில், ஊற்றுகள் கீழே. இதை மறந்து வெட்டிய குழி, கீழே உள்ள ஊரின் குடிநீரையும் கெடுத்துவிடும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்தாழ்ப்பாள், இரவு விளக்கு மூன்றும் அவசியம். விளக்கில்லாத கழிப்பறைக்கு இரவில் எந்தப் பெண்ணும் போக மாட்டாள்.

தண்ணீர் ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 100 பேருக்குத் தினம் 1,500 லிட்டர். கோடையில் ஊற்று வற்றும். மழைக்காலத்தில் தேவாலயத்தின் தகரக் கூரையே நல்ல ஏற்பாடு: 200 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,600 லிட்டர் பிடிக்கலாம். முதலில் வழியும் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கக் கலக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து ஈரக்காற்றில் வைத்தால் வீரியம் போய்விடும். அளவாகத்தானே போட்டோம், ஏன் வயிற்றுப்போக்கு வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

பதிவேடு தேவாலயங்கள் அதிகம் தடுமாறும் இடம். பிரெஸ்பிடேரியன், பாப்டிஸ்ட், கத்தோலிக்கர் என்று ஒவ்வொரு சபையும் தனித்தனிப் பட்டியல் எழுதினால் ஒரு குடும்பம் இரண்டில் இருக்கும், இன்னொன்று எதிலுமே இருக்காது. ஊருக்கு ஒரே பட்டியல் போதும். அரிசியை ஆராதனை முடிந்தவுடன் கொடுக்கவே கூடாது. வராதவருக்கு இல்லை என்று யாரும் சொல்லாவிட்டாலும், வாங்குபவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். தனியாக வந்த குழந்தையை, உறவினர் என்று சொல்லி வருபவரிடம் விசாரிக்காமல் ஒப்படைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். முகாமில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானச் சான்று இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாது. இந்தியாவில் பிறந்த எந்தக் குழந்தையின் பிறப்பையும் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதனால் குடியுரிமை வந்துவிடாது. ஆனால் பள்ளியிலும், என்றாவது ஊர் திரும்பும்போதும், இன்னாருடைய பிள்ளை என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். இலங்கைத் தமிழர் முகாம்களை அறிந்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி பணம் அனுப்பும் முறை. இந்தியாவிலிருந்து இந்தியர் அனுப்பும் பணத்துக்குச் சிக்கலில்லை. பதிவு பெற்ற சபையின் நிவாரணக் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பி ரசீது கேளுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். அப்போது அந்தச் சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பெரிய அமைப்பு வாங்கி எல்லையோரச் சிறு சபைக்குக் கொடுத்துவிடும் என்று நம்பி அனுப்பினால், அந்த அமைப்பின் பதிவுக்கே ஆபத்து.

துணி வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. மிசோரம் தலைநகர் ஐஸ்வாலிலிருந்து சம்பாய்க்கு ஏறக்குறைய 190 கி.மீ. மலைப்பாதை. லாரி வாடகை துணியின் மதிப்பைத் தின்றுவிடும். சம்பாய் 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள குளிரான இடம், நம் பருத்திச் சேலையும் வேட்டியும் அங்கே உதவாது. கம்பளி, கொசுவலை, தார்ப்பாய் எல்லாவற்றையும் ஐஸ்வாலிலேயே வாங்கிக்கொள்ள முடியும். நேரில் போக விரும்புவோர், வெளிமாநிலத்தவர் மிசோரமுக்குள் நுழையத் தேவையான உள் எல்லை அனுமதிச் சீட்டு (ஐ.எல்.பி.) வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

மூங்கில் குடிசையின் கால்கள் ஈர மண்ணில் ஊன்றியிருந்தால் ஓரிரு ஆண்டில் மக்கிவிடும். தார்ப்பாயும் வெயிலில் அதற்குள் நைந்து கிழியும். கல் மேல் கால் நிறுத்தித் தகரம் வேயும் செலவுக்கே இப்போது பணம் தேவை. மே மாதம் மழை வலுத்துவிடும், சரிவுகளில் மண் சரியும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பணம் போய்ச் சேர்ந்தால்தான் கூரை வேய நேரமிருக்கும்.

இப்படிக்கு,
நிவாரணப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்