மஞ்சப்பிடி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா சுகம். தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை, வழக்கம்போல.

2020-ல், புரோகிராம்களைச் சேர்த்துவைக்கிற கிட்ஹப் தளத்தில், முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ என்ற பெயர் போய் ‘மெயின்’ வருகிறது என்று போனில் சொன்னாயே, நினைவிருக்கிறதா? லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2003-லேயே மாஸ்டர், ஸ்லேவ் (எஜமான், அடிமை) என்று எழுதிய கருவிகள் வேண்டாம் என்றதையும் சொன்னாய். “பேரை மாத்தினா புரோகிராம் வேகமா ஓடுமாடா?” என்று ஒரு வாரம் உன்னை ஓட்டினேன். அதை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை ஃபிட்டர் வகுப்பு. பத்தொன்பது பையன்கள், ஒரே ஒரு பெண். ரெஜிஸ்டரில் அப்பா பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிற பெண். வைஸில் இரும்புத் துண்டைக் கட்டிவிட்டு, நம் பழைய ஃபோர்மேன் மாதிரியே கையை நீட்டினேன்: “அந்த பாஸ்டர்டை எடும்மா.” பின்னால் ஒருவன் இருமினான். சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், செல்வா. அவள் அரத்தின் பல்லில் சிக்கிய தூளைக் கம்பி பிரஷ்ஷால் தட்டி, சாக்பீஸ் தேய்த்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அரத்தின் பல்லில், ரஃப்புக்கும் செகண்ட் கட்டுக்கும் நடுவில் இருக்கிற வெட்டுக்குப் பெயர் பாஸ்டர்ட், அவ்வளவுதான் அது. இருபது வருஷமாக அதை, அப்பன் பேர் தெரியாதவர் என்கிற வசவாக நான் நினைத்ததே இல்லை. எனக்கு ஏன் உறைக்கப்போகிறது, என் கட்டம் நிரம்பித்தானே இருந்தது!

மறுநாள் பையன்களை எல்லார் முன்னாலும் விளாசலாம் என்றுதான் போனேன். அப்படிச் செய்தால் மறுபடியும் அவள்தானே காட்சிப்பொருள்? இருமியவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் டூல் பீரோவைப் பூட்டும்போது, “நான் சிரிச்சது தப்பும்மா” என்றேன். “பரவாயில்லை சார். பரீட்சையில அப்படித்தானே எழுதணும்?” என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேள்வித்தாளில் அந்தப் பெயர்தான் வரும். அதனால் போர்டில் ஒரு தரம் எழுதினேன். பட்டறையில் அந்த அரங்களின் பிடிக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன். இரண்டே நாளில் பையன்கள் “மஞ்சப்பிடி” என்று ஆரம்பித்துவிட்டார்கள். கிரீஸ் நிப்பிளுக்கு எந்த பெயின்ட் அடிப்பது என்று மட்டும் கேட்காதே.

கூட வேலை பார்க்கிற மலையாளி சார், “பேரு மாற்றியால் இரும்பு தேயுமோ?” என்று தினமும் கிண்டல் செய்கிறார். என் வசனமேதான். அன்றைக்கு நீ எனக்கு என்ன பதில் சொன்னாய்? மறந்துவிட்டது, உடனே எழுது.

உன்,
பழனி