வீட்டுக்கு வீடு ஒரு கிராணி

அன்புள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக்கும், நம் பள்ளியின் தமிழ்ப் பெற்றோர்களுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை பொதுக்கூட்டம் மலாயில் நடந்தது. மூன்று இனத்தாரும் இருக்கிற இடைநிலைப்பள்ளியில் அதுதான் முறை. ஆனால் கூட்டம் கலைந்து எல்லாரும் மீ ஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்வரிசை அக்காமார் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "டீச்சர், கடைசியில என்ன முடிவாச்சு?" என்று கேட்டார்கள். முடிவு என் வகுப்பைப் பற்றியது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். செயலவை அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மலாயில் ஒரு பிரதி முதல்வர் மேசைக்கும் போயிருக்கிறது.

நான்காம், ஐந்தாம் படிவத்துக்கு வாரம் ஒருமுறை வாங்கும் 20 ஆங்கிலப் பத்திரிகைகளை அடுத்த தவணையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, கோலாலம்பூரிலிருந்து ஆள் வரவழைத்து, ஐந்தாம் படிவ முடிவில் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு இரண்டு நாள் ஆங்கிலப் பட்டறை வைப்பார்கள். ஆங்கில டீச்சர் பாடம் நடத்தாமல் விளம்பரமும் வீடியோவும் காட்டிக்கொண்டிருக்கிறார் என்பது காரணம். "படம் பார்க்கவா பிள்ளைய அனுப்புறோம்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். கைதட்டலும் விழுந்தது.

கேட்டது நியாயம்தான். என் பக்கத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தீபாவளி விடுமுறைக்கு முந்தின இரண்டு நாள் நான் படம்தான் போட்டேன். அதில் பாடம் ஒன்றும் கிடையாது, எனக்கும் அலுப்பு, பிள்ளைகளுக்கும் அலுப்பு. அதற்கு முன்னால் ஒருமுறை, சொந்தமாக ஒரு விளம்பரம் எடுத்து வாருங்கள் என்று மூன்று வாரம் விட்டுப் பார்த்தேன். வந்ததெல்லாம் டிக்டாக் ஆட்டம். ஒருவனாவது ஆங்கிலத்தில் முழு வாக்கியம் பேசியிருந்தால் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் விளம்பரமும் பத்திரிகையும் தேர்வுக்கு உதவாது என்று கூட்டத்தில் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலம் மாறிவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று இப்போது நான்கு தாள்கள். வாசிப்புத் தாளைத் திறந்தால் முதல் எட்டுக் கேள்வியும் அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி மாதிரியான சின்னத் துண்டுகளை வைத்துத்தான். எழுத்துத் தாளின் முதல் பகுதி ஒரு மின்னஞ்சலுக்கு 80 சொல்லில் பதில். கடைசிப் பகுதியில் மூன்று தலைப்பு கொடுத்து ஒன்றை 200 முதல் 250 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறார்கள். கட்டுரை வரலாம், விமர்சனம் வரலாம், கதை வரலாம். நான் வகுப்பில் நடத்துவது இதைத்தான்.

பட்டறை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே பத்து வருடம் அப்படித்தான் நடத்தினேன். ஐந்து மாதிரிக் கட்டுரை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வேன். அதில் ஒன்று வெள்ளம். மழை எப்படிக் கொட்டியது, பக்கத்து வீட்டுப் பாட்டியை எப்படித் தூக்கினோம் என்று அருமையான ஆங்கிலம், என்னுடையதுதான். முன்னோட்டத் தேர்வில் ஒரு பையன், ஓர் உணவுக்கடையைப் பற்றி விமர்சனம் எழுதச் சொன்ன இடத்தில் அந்த வெள்ளத்தை அப்படியே இறக்கிவிட்டான். கடைசி வரியில் மட்டும் தண்ணீர் கடைக்குள் புகுந்தது. சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு வரவில்லை. நான் கொடுத்தது ஒரே சட்டை, எல்லா விசேஷத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறான், அவனை என்ன சொல்வது?

இன்னொரு விஷயம் உண்டு. கூட்டத்தில் மூன்று நிமிடம் கொடுத்தார்கள், அதில் அது அடங்கவில்லை.

நானும் இந்தக் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து எழுந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், வேலை முடிந்து குளிக்காமல்கூட ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படிப்பார். படித்துவிட்டு ஒரே வரி சொல்வார்: "ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போடு." இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தது எப்படி ஒரு வரியில் ஒன்றுமில்லாமல் போனது என்று அம்மா கேட்டதில்லை. கேட்கிற வழக்கமும் கிடையாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதமும் அதே வாசலில்தான் படிக்கப்பட்டது.

இப்போது உங்கள் வீட்டில் யார் கிராணி? உங்கள் பிள்ளைதான். வங்கிக் கடிதம், ஈ.பி.எஃப். சேமநிதிச் செய்தி, காப்புறுதிக்காரர் கொடுத்த விண்ணப்பப் பாரம், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) யாரோ தள்ளிவிட்ட ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் "என்னடா போட்டிருக்கு, பாரு" என்று அவனிடம் நீட்டுகிறீர்கள். அவனும் படிக்கிறான். யூடியூப் தயவில் உச்சரிப்பு என்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதை எழுதியது யார், உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்டால் முழிக்கிறான். அந்தக் கிராணியாருக்காவது விஷயம் தெரிந்திருந்தது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். பழைய மாணவி ஒருத்தி, தன் தம்பிக்கு வந்த வேலை விளம்பரத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். நம்பரை மறைத்து, அச்செடுத்து, ஐந்தாம் படிவத்தில் கொடுத்தேன். மொத்தம் நாலே வரி. அனுபவம் தேவையில்லை. எர்ன் அப் டு 8,000 ரிங்கிட். தங்குமிடம் இலவசம். யுவர் பாஸ்போர்ட் வில் பி கெப்ட் ஃபார் சேஃப்டி, அதாவது பத்திரத்துக்காக உங்கள் பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளப்படும்.

என்ன புரிந்தது என்று கேட்டேன். "எட்டாயிரம் டீச்சர்!" என்றது வகுப்பு ஒரே குரலில். சரி, அப் டு என்றால் என்ன? கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒருவன், "அதுவரைக்கும்... அப்ப எண்ணூறு கொடுத்தாலும் அப் டு எட்டாயிரம்தானா?" என்றான். எண்பது கொடுத்தாலும் அப்படித்தான் என்றேன். ஜன்னலோரம் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "டீச்சர், வில் பி கெப்ட். பை ஹூம்? யார் வைத்துக்கொள்வார்?"

அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஆக்டிவ் வாய்ஸுக்கு, அதாவது செய்வினைக்கு, மாற்றச் சொன்னேன். மாற்ற முடியவில்லை, எழுவாயே இல்லை. கோடு போட்டு விட்டேன். ஒருவன் வந்து "போஸ்" என்று நிரப்பினான். இன்னொருவன் அதை அழித்து, வட்டிக்கு விடுகிற "அலோங்" என்று எழுதினான், வகுப்பு சிரித்தது. மணி அடிக்கப் போகிற நேரத்தில் யாரோ, "வேலை எந்த ஊர்ல?" என்றார்கள். நாலு வரியையும் திரும்பப் படித்தோம். ஊரே இல்லை.

2022-இல் இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பிப் போன மலேசியர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் மாட்டியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வருடக் கடைசியில்தான் மோசடிப் புகாருக்கு 997 என்ற எண்ணே வந்தது. அதையும் பலகையில் எழுதினேன். பேசிவ் வாய்ஸை, அதாவது செயப்பாட்டுவினையை, எத்தனையோ வருடமாக நடத்துகிறேன், செய்தவனை ஒளித்துவைக்கவும் அது உதவும் என்று அன்றைக்குத்தான் ஒழுங்காக நடத்தினேன். அந்த வகுப்பில் எவனுக்கும் இனி அது மறக்காது.

ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி எழுந்தது. இது ஊடகக் கல்வி ஆயிற்றே, ஆங்கில டீச்சருக்கு ஏன் இந்த வேலை என்று. நம் பாடத் திட்டத்தில் ஊடகத்துக்கு என்று தனிப்பாடம் இல்லை, அதனால் யாராவது ஒருவர் தலையில் விழ வேண்டும். கனடாவின் ஒண்டாரியோவில் 1987-இலேயே இதை ஆங்கிலப் பாடத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆக, இது என் தலையில் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

பத்திரிகை எதற்கு, கைப்பேசியிலேயே எல்லாம் வருகிறதே என்று பொருளாளர் கேட்டார். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது, அண்ணே. போன வருடம் பிடித்துப் பூட்டிவைத்தது நாம்தான். அதோடு, காகிதத்தை மேசையில் விரித்தால் எது செய்தி, எது செய்தி வேஷம் போட்ட விளம்பரம் என்று கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்கலாம். இந்த வேலையை நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு செய்யும்போது வாக்குவாதம் வரும். வாக்குவாதம் ஆங்கிலத்தில் வர வேண்டும் என்பது என் விதி. பேச்சுத் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. காகிதம் ரொம்ப நாள் தாங்காது என்பதும் தெரியும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுபோனது. வருகிறவரைக்கும் வாங்கலாமே.

தமிழ் நேசன் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன் முன்னின்று, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. இதை இரண்டு ஆங்கிலத் தலைப்பாக எழுதச் சொன்னேன், ஒன்றில் ஸ்ட்ரைக் (வேலைநிறுத்தம்) என்ற சொல், மற்றதில் டிஸ்டர்பன்ஸ் (அமளி). இரண்டாவது தலைப்பை எழுதிய பிள்ளைகள் ஐந்தாவது நிமிடத்திலேயே போலீஸ் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் தாத்தாக்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பால் வெட்டியவர்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. பட்டறையை வையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரே நாள் போதும். மிச்சப் பணத்தில் பத்திரிகை வரட்டும், 20 முடியாவிட்டால் 10 போதும், இரண்டு பேருக்கு ஒன்றாகச் சமாளிக்கிறேன். "படம் பார்க்கவா" என்று கேட்ட தகப்பனார் ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். முதல்வரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், சரி என்றார். புதன்கிழமை பசியாறும் நேரத்துக்கு அடுத்த வகுப்பு. அண்ணே, கடைசி வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அக்காமார்களுக்கு ஒன்று. வீட்டில் புரியாத ஆங்கிலக் கடிதமோ விளம்பரமோ பாரமோ கிடந்தால், பெயரையும் அடையாள அட்டை (ஐ.சி.) எண்ணையும் கறுப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் அந்த வாரப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். படித்ததை அவனே வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்வான். ஒரே வரியில் முடித்தால் விடாதீர்கள், இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஆங்கில டீச்சர்